இடது காலுக்கு ஓய்வு கொடுத்த கதை

மெக்கானிக் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் என் காரின் கிளட்ச் பிளேட்டை வைத்தார். டிபன் தட்டு அளவுதான். ஓரமெல்லாம் கருகி, இரும்பு நீலம் பாரித்து, இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் தேய்ந்து, ரிவெட் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. "எத்தனை கிலோமீட்டருங்க ஓடியிருக்கு?" என்றார். 19,000 என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போய் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பார்வைக்கு 8,400 ரூபாய் பில் எவ்வளவோ தேவலை.

வண்டி புதிதாக வாங்கியது. என்னைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. ஆகவே பழி போட ஆளில்லை.

நான் கார் ஓட்டப் பழகியது 41 வயதில். சேலத்தில் பள்ளி ஆசிரியை. டிரைவிங் ஸ்கூலில் 20 நாள், தினமும் அரை மணி நேரம் போனேன். அவர்களுடைய பழைய மாருதி 800-இல் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. வண்டியைப் பாதி நேரம் ஓட்டியது அவருடைய கால்தான் என்பது, லைசென்ஸ் வாங்கி என் வண்டியில் தனியாக உட்கார்ந்த அன்றைக்குத்தான் புரிந்தது. அஞ்சு ரோட்டில் ஒரே சிக்னலில் மூன்று முறை ஆஃப் ஆனது. பின்னால் டவுன் பஸ். அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கிளட்சை முழுசாக விடவே மாட்டேன். பாதி அழுத்தியபடி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பேன். வண்டி ஆஃப் ஆவது அடியோடு நின்றுபோனது. மேம்பாலம் ஏறும்போது முன்னால் வண்டிகள் நின்றால் பிரேக்கைத் தொடக்கூட மாட்டேன். கிளட்சும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைக்கும். எனக்கு அதில் பெருமை வேறு. எப்போதாவது வரும் கருகிய வாசனையை, பக்கத்து லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மெக்கானிக் அன்றைக்கு நின்று நிதானமாகக் காட்டினார். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதற்கும், அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இந்தத் தட்டு. இன்ஜினின் சுற்று சக்கரத்துக்குப் போவது இதன் வழியாகத்தான். கால் கிளட்சில் இல்லாதபோது ஸ்பிரிங் மூன்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மூன்றும் ஒன்றாகச் சுற்றும், தேய்மானமே கிடையாது. முழுசாக அழுத்தினால் தட்டு தனியாக நிற்கும், உராய எதுவுமில்லை. தேய்வதெல்லாம் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது. அதுதான் ஹாஃப் கிளட்ச். வண்டி கிளம்பும்போது ஓரிரு விநாடி அது இல்லாமல் முடியாது. நான் அதிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

செய்தி அம்மாவின் தம்பி காதுக்குப் போனது. மாமா சங்ககிரியில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் நின்றார். "அம்மிணி, சாவி எடு. செருப்பு வேண்டாம்."

வெறுங்காலோடு ஓட்டச் சொன்னது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் நான் போட்டிருந்தது பின்பட்டை இல்லாத, தடித்த அடியுள்ள செருப்பு. கிளட்சின் சின்ன அதிர்வு எதுவும் பாதத்துக்கு வந்து சேரவே இல்லை. இப்போது மெல்லிய அடியுள்ள ஷூ ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். அதோடு, டிரைவர் பக்கத் தரையில் போட்டிருந்த மிதியடி முன்னால் நகர்ந்து கிளட்சுக்கு அடியில் சுருண்டிருந்ததை மாமாதான் கண்டுபிடித்தார். மாதக்கணக்கில் கிளட்ச் முழுசாக இறங்கவே இல்லை. கியர் போடும்போது கரகரவென்று வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிதியடியை எடுத்து டிக்கியில் எறிந்தார். அப்புறம் சீட்டை முன்னுக்குத் தள்ளச் சொன்னார். கிளட்சைத் தரைவரை அழுத்திய நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் கடைசி ஒரு அங்குலத்தை விரல் நுனியால்தான் அழுத்துவோம், விடும்போது கட்டுப்பாடு இருக்காது.

பிறகு ஆளில்லாத மைதானம். முதல் பாடத்தில் ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்லை. வலது காலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதல் கியர் போட்டு, கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விட வேண்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தழையும்; ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் வரும்; முன்பக்கம் ஒரு மயிரிழை எழும்பின மாதிரி இருக்கும். "அங்க நிறுத்து. எண்ணு. ஒண்ணு, ரெண்டு. இப்ப விடு." வண்டி தானாக நகர்ந்தது. ஆக்சிலேட்டரே இல்லாமல்! சமதரையில் சின்ன பெட்ரோல் கார்கூட ஐட்லிங்கில் கிடைக்கும் சக்தியிலேயே கிளம்பிவிடும், கிளட்சை அவசரப்படாமல் விட்டால். டீசல் வண்டி இன்னும் எளிதாகக் கிளம்பும்.

அதை ஐம்பது தடவையாவது செய்திருப்பேன். முதல் பத்தில் ஏழு முறை ஆஃப் ஆனது. மாமா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதுக்கு மேல் போனபோது கணுக்காலுக்கே அந்த இடம் தெரிந்துவிட்டது. கண்ணால் கற்க முடியாத விஷயம் இது. ஒவ்வொரு வண்டிக்கும் அந்த இடம் மாறும். ஒரே வண்டியிலும் பிளேட் தேயத் தேய நகரும். வேறு யாருடைய காரையாவது ஓட்ட நேர்ந்தால், கிளம்புவதற்கு முன் ஒருமுறை அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் கிளம்புகிறேன்.

அந்த இடத்தைப் பிடித்தபின் ஒன்றிரண்டு விநாடி காலை அங்கேயே நிறுத்தி, வண்டி உருளத் தொடங்கியதும் முழுசாக விட்டு, காலை எடுத்துப் பக்கத்தில் தரையில் வைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி அசைவு எனக்கு வரவே இல்லை. கால் தன்னால் திரும்பிப் போய் கிளட்ச்மேல் உட்காரும். "உன் காலுக்கு வேற வேலை இல்லையா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளட்ச் மேல் ஒரு பழைய சாக்ஸைச் சுற்றிவிட்டார். கால் பட்டால் உறுத்தும், உடனே எடுத்துவிடுவேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. கியர் மாற்றும்போது அது நழுவும் என்பதால் மைதானத்தோடு சரி, ரோட்டில் கழற்றிவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பழக்கம் போயிற்று. சும்மா காலை வைத்திருந்தாலும், ஸ்பிரிங்கைத் தள்ளி பிளேட்டை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும் என்பதும், அந்தச் சின்ன அழுத்தமே பிளேட்டை வழுக்கவைக்கலாம் என்பதும் எனக்கு அதுவரை தெரியாது.

சிக்னலில் நிற்கும்போதும் இதே கதை. முதல் கியரில் போட்டு கிளட்சை அழுத்திக்கொண்டு முழு சிவப்புக்கும் காத்திருப்பேன். இப்போது நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இரண்டு காலும் தரையில். பச்சை விழ ஐந்து விநாடி இருக்கும்போது கியர் போட்டால் போதும்.

கியர் ராடை எப்படிப் பிடிப்பது என்று யாராவது சொல்லித்தருவார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதை உலக்கை மாதிரி இறுக்கிப் பிடித்துத் திணிப்பேன். மாமா மூன்று விரலால் ஓட்டுவார். நியூட்ரலில் விட்டால் ராட் தானாக மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலான இடத்துக்கு வந்து நிற்கும், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. ஆகவே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் வலப்பக்கம் இழுக்கவே கூடாது. உள்ளங்கையால் நேராக மேலே தள்ள வேண்டும், நடுவில் வந்ததும் ஒரு கணம் தளர்த்த வேண்டும், அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும், பிறகு மேலே. ஐந்திலிருந்து நாலுக்கும் அதே மாதிரிதான்.

இதைக் கேட்காததன் பலன் பவானிப் பக்கம், கோவை நெடுஞ்சாலையில் கிடைத்தது. 80-இல் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் லாரி வந்ததும் ஐந்திலிருந்து நாலுக்கு மாற்ற நினைத்து, ராடை இடது பக்கமாக வலித்து இழுத்தேன். விழுந்தது இரண்டாவது கியர். கிளட்சை விட்டதும் இன்ஜின் அலறிய அலறல்! முன்சக்கரம் கீச்சிட்டு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் இன்ஜின் சுற்றாமல் கம்ப்யூட்டர் தடுத்துவிடும். ஆனால் இங்கே சுற்றுவது சக்கரம். சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றுகிறது. அதைத் தடுக்க எந்த கம்ப்யூட்டராலும் முடியாது. உடனே கிளட்சை மறுபடி அழுத்தியதால் தப்பித்தேன். மாமா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "டீ குடிக்கலாம்" என்றார். டீக்கடையில் எதுவும் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான், "ராடை நீ இழுக்காத. வழிய மட்டும் காட்டு" என்றார்.

எப்போது கியர் மாற்றுவது என்பதற்கு டிரைவிங் ஸ்கூலில் ஒரு வாய்ப்பாடு கொடுத்தார்கள்: 20-இல் இரண்டு, 30-இல் மூன்று, 45-இல் நாலு. சமதரைக்குச் சரி. என் வண்டியில் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். நாலாவது கியரில் 25-இல் போனால் டேஷ்போர்டு நடுங்கும், மிதித்தாலும் இழுக்காது, அடியிலிருந்து ஒரு முனகல் வரும். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நான் அப்படியே ஓட்டியிருக்கிறேன். மாமாவுக்கு அந்தச் சத்தம் தாங்காது. "வயசானவன் தலைல நெல்லு மூட்டை ஏத்தின மாதிரி இருக்கு, கீழ போடு" என்பார்.

கீழ் கியருக்குப் போகும்போது வண்டி தலையை ஆட்டும். காரணம் எளிது. அதே வேகத்துக்குக் கீழ் கியரில் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கிளட்சை விட்டதும் அந்த வித்தியாசத்தை பிளேட்தான் உராய்ந்து சரிக்கட்டுகிறது. கிளட்சை அழுத்தியிருக்கும்போதே ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டால் அந்தக் குலுக்கல் போய்விடும். மாமாவுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அவர் பழகிய பழைய லாரிகளின் கியர் பாக்ஸில், கியர் பற்களின் வேகத்தைத் தானே சமன் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் அழுத்தி நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச் அழுத்திக் கீழ் கியர். இதற்கு டபுள் கிளட்ச் என்று பெயர். ஒரு கணம் தப்பினால் ராடே திருப்பி அடிக்குமாம். சின்க்ரோமெஷ் வந்தது 1928-இல், அமெரிக்காவின் கேடிலாக் காரில். நம் லாரிகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. இன்றைய கார்களில் பல்லும் பல்லும் சேருவதற்கு முன் சின்னப் பித்தளை வளையங்கள் வேகத்தைச் சமன் செய்துவிடுகின்றன, ஆகவே காரில் டபுள் கிளட்ச் தேவையில்லை. ஆனால் அந்த வளையத்துக்கும் அரை விநாடி வேண்டும். திணித்தால் தேய்கிறது.

ரிவர்ஸுக்குப் பல கார்களில் அந்த வளையமும் இல்லை. நின்று, கிளட்சை அழுத்தி, இரண்டு விநாடி பொறுத்துப் போட வேண்டும். கரகரத்தால் முதல் கியரைத் தொட்டுவிட்டுப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழும். என் கிளட்சைக் கொன்றதில் பெரும்பங்கு ரிவர்ஸுக்குத்தான் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் சாய்வு செங்குத்தாக இருக்கும். தினமும் சாயங்காலம் ரிவர்ஸில் அதன்மேல் ஏற்றுவேன், காலையில் நேராகக் கிளம்பலாம் என்று. கேட்டுத் தூணில் இடித்துவிடாமல் அங்குலம் அங்குலமாக, முழுக்க ஹாஃப் கிளட்சில், மூன்று நிமிடம். இப்போது முன்பக்கமாகச் சற்று வேகத்தோடு ஏற்றிவிடுகிறேன். காலையில் ரிவர்ஸில் இறங்கும்போது பிரேக்கே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இதைச் சொன்னதும் மெக்கானிக், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிரேக் பிடிப்பதிலும் என் வரிசை தலைகீழாக இருந்தது. எது குறுக்கே வந்தாலும் முதலில் இடது கால் கிளட்சுக்குப் போகும், பிறகுதான் பிரேக். கிளட்சை அழுத்தியதுமே இன்ஜினின் பிடி போய் வண்டி அவிழ்த்துவிட்டது போல ஓடும். முதலில் பிரேக்; வண்டி நடை வேகத்துக்கு வந்து இன்ஜின் முனகத் தொடங்கும்போது கிளட்ச். ஒவ்வொரு கியராக இறங்கி வர வேண்டும் என்பதும் இல்லை. ஐந்தில் வந்து, பிரேக்கிலேயே 25-க்குக் குறைத்து, நேராக இரண்டு போடலாம்.

ஆறாவது வாரம் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம், கோடை விழாக் கூட்டம். வேறு நாளில் போயிருக்கலாம், மாமா வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார். வளைவுக்குள் போவதற்கு முன்பே இரண்டாவது கியர் விழுந்திருக்க வேண்டும், வளைவின் நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது. எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவில் முன்னால் போன பஸ், கீழே இறங்கிய வண்டிக்கு இடமில்லாமல் நின்றுவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. விதியை யார் பார்த்தார்கள்? எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இன்னொரு கார்.

பழைய நானாக இருந்தால் ஹாஃப் கிளட்சில் தொங்கியிருப்பேன். ஹேண்ட் பிரேக்கை ஏற்றினேன். நியூட்ரல். இரண்டு காலையும் எடுத்துவிட்டு உள்ளங்கை வியர்வையைத் துடைத்தேன். பஸ் நகர்ந்ததும் முதல் கியர், ஆக்சிலேட்டர் கொஞ்சம், கிளட்சை மெல்ல விட்டு அந்த இடம்வரை. சத்தம் தழைந்து வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது, பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. மாமா பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது ஒரு சண்டை. கொஞ்சம் சரிவு குறைந்த இடத்தில் நியூட்ரலில் விட்டேன், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று. அதுவரை அதட்டாத மனிதர் கத்தியேவிட்டார். "ஏறின கியர்லயே எறங்கு! லாரிக்காரன் எத்தனை பேர் இதுல போயிருக்கான் தெரியுமா?" கியர் இல்லாவிட்டால் மொத்த எடையும் பிரேக்கின் மேல். பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். மிச்சம் என்று நினைத்ததும் தப்புக் கணக்கு. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பது நின்றேபோகும். சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் உயிரோடிருக்க பெட்ரோல் வேண்டும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மலையில் நியூட்ரல் கூடாது, அவ்வளவுதான்.

தங்கை மகன் போன வருடம் ஏஎம்டி வண்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே பார்த்துக்கொள்ளும் வண்டி வாங்கினான். 2014-இல் மாருதியின் செலேரியோ காரில் வந்ததிலிருந்து அந்த வகை நம் ஊரில் பெருகிவிட்டது. "இதெல்லாம் எதுக்குப் பெரியம்மா? எனக்குக் கிளட்சே கிடையாது" என்றான். கிளட்ச் பெடல்தான் கிடையாது, பிளேட் உள்ளே இருக்கிறது. மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கினால் அதுவும் என்னுடையதைப் போலவே கருகும் என்றேன். நம்பவில்லை. நானும் 19,000 கிலோமீட்டர் நம்பாமல் ஓட்டியவள்தானே, விட்டுவிட்டேன்.

புது கிளட்ச் போட்டு இப்போது 46,000 கிலோமீட்டர் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பேன். சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுசாக ஏற்றி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் உடனே ஆஃப் ஆனால் பிளேட் நன்றாகப் பிடிக்கிறது. ஆஃப் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஓடும்போது தெரிந்துகொள்ள, நாலாவது கியரில் 40-இல் போய் ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்கலாம். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டிய நேரம்.

போன மாதம் அந்தச் சோதனையில் ஒரு சிக்கல் வந்தது. கிளட்சை விட்டதும் இன்ஜின் ஆஃப் ஆகவில்லை, வண்டியே முன்னால் நகர்ந்துவிட்டது. பதறிப்போய் எடுத்துக்கொண்டு ஓடினேன். மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிளட்ச் புதுசு மாதிரி இருக்கிறதாம். சிக்னலுக்குச் சிக்னல் இழுத்து இழுத்து ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்துவிட்டது. இறுக்கிக் கொடுத்ததற்கு 150 ரூபாய் வாங்கினார்.